பொறியியல் மாணவர்கள் பள்ளிக்குப் போய்ச் செய்முறைப் பாடம் எடுத்தால் பயன் உண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து, ஒரு பள்ளியில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பொறியியலைச் செய்முறையாகச் சொல்லித்தரப் போகிறீர்கள். நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், வகுப்பில் நாற்பது பேர். ரோபோ கிட் வாங்கலாமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "நாங்கள் வந்துபோன பிறகு அந்தப் பிள்ளைகளிடம் ஏதாவது மிஞ்சுமா?" உங்களை உறுத்துவது அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். என்ன பொருள் வாங்குவது என்ற கேள்விக்கு விடை அதிலேயே வந்துவிடும்.

நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவன். பல வருடங்களாக என் மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறேன். பெரும்பாலும் நானும் கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். என் அனுபவம் 9 முதல் 14 வயது வரையான பிள்ளைகளோடுதான். பொதுத்தேர்வு நெருக்கும் வயதினருக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

மிஞ்சும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை தான் செய்ததைச் சோதித்து, அது எந்த இடத்தில் தோற்றது என்று தானே பார்த்து, மாற்றி, மறுபடி செய்ய நேரம் கிடைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை செய்து முடித்துக் கைதட்டிவிட்டுக் கலைந்தால் அது நல்ல கைவேலை வகுப்பு, அவ்வளவுதான். பொறியியல் இரண்டாவது முயற்சியில்தான் ஆரம்பிக்கிறது. கல்லூரி மாணவர்கள் போடும் திட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை, அந்த இரண்டாவது முயற்சிக்கு நேரமே இருக்காது. முதல் இருபது நிமிடம் ஸ்லைடு ஓடும், அப்புறம் பொருள் கொடுப்பதற்குப் பத்து நிமிடம், செய்வதற்கு இருபது நிமிடம், மணி அடித்துவிடும்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு விவரமாகச் சொல்கிறேன். காகிதப் பாலம். எல்லோருக்கும் தெரிந்த பயிற்சிதான், அதனால் பலர் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே 20 செ.மீ. இடைவெளி. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஏ4 தாள், ஒரு சாண் டேப். புத்தகத்தில் தாளை ஒட்டக்கூடாது, வெறுமனே மேலே வைக்கலாம். நடுவில் ஒரு சின்னக் காகிதக் கப்பை வைத்து, ஒரே மாதிரி நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். தட்டையான தாள் கப்பை வைத்ததுமே சரிந்துவிடும். ஏதாவது ஒரு குழு தாளை விசிறி மாதிரி மடிக்கும், அது நிற்கும். பக்கத்துக் குழு அதைப் பார்த்துத் தானும் மடிக்கும். பார்க்கட்டும், தடுக்காதீர்கள். அடுத்தவர் வடிவமைப்பைப் பார்த்துக் கற்பது இந்தத் தொழிலில் தப்பில்லை.

அடுத்து வரும் கட்டத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். விசிறி மடிப்புப் பாலத்தில் சுமை ஏற ஏற மடிப்புகள் பக்கவாட்டில் விரியும். விரிந்தால் உயரம் குறையும், உயரம் குறைந்ததும் நடுவில் தொய்ந்து கப் சாயும். "உடைஞ்சு போச்சு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உங்கள் வேலை ஒரே ஒரு கேள்வி கேட்பது: "எந்த இடம் முதலில் அசைந்தது?" பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் நாணயத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சரி, மறுபடி வையுங்கள், இந்த முறை ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து பக்கவாட்டிலிருந்து மடிப்பை மட்டும் பார்க்கட்டும். அந்தப் பிள்ளை எழுந்து "நடுவுல விரியுது" என்று சொல்லும். அடியில் குறுக்காக ஒரு துண்டு டேப் ஒட்டினால் விரியாது என்ற யோசனை அப்புறம் தானாக வரும். அடுத்த தடவை நாணயங்கள் கூடும். அந்தக் கூடுதல் அந்தப் பிள்ளையின் சொந்தக் கண்டுபிடிப்பு. நீங்கள் போனபிறகு மிஞ்சுவது அதுதான்.

ஏன் நிற்கிறது என்று விளக்கும்போது மூன்றாம் ஆண்டு மாணவர்களே தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. செவ்வக உத்திரத்தின் வளைவு விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் திறன், அகலத்தைப் போல நேராகவும், உயரத்தின் மும்மடியாகவும் ஏறும். அகலத்தை இரட்டித்தால் இரண்டு மடங்கு, உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் வளைக்கச் சொன்னால் பிள்ளையின் விரலுக்கே இது புரிந்துவிடும். ஆனால் மடித்த காகிதத்துக்கு அந்த மும்மடிக் கணக்கை அப்படியே சொல்லிவிடாதீர்கள். மடிக்கும்போது காகிதத்தின் அளவு கூடவில்லை, நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் விறைப்பு ஏறக்குறைய உயரத்தின் இருமடியாக (வர்க்கமாக) ஏறும். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.; 1 செ.மீ. உயரத்துக்கு மடித்தால் நூறு மடங்கு உயரம். விறைப்பு எவ்வளவு கூடுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை "இன்னும் உயரமா மடிச்சா?" என்று கேட்டால், ஓர் அளவுக்கு மேல் மடிப்பின் மேல்விளிம்பு மெலிந்த குச்சி போல நெளிந்துவிடும் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பதிலை வாயால் சொல்லாமல் இன்னொரு தாளைக் கையில் கொடுங்கள்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது 45 நிமிடம்தான். உட்காருவதற்கும் பொருள் போய்ச்சேருவதற்கும் மீதி போய்விடும். கடைசி 7 நிமிடம் பேசுவதற்கு. அதற்கு முன்னால் 15 நிமிடம் இரண்டாவது முறை செய்து சோதிக்க. அதற்கும் முன்னால் 18 நிமிடம் முதல் முறை செய்து சோதிக்க. ஆக, ஆரம்பத்தில் நீங்கள் பேசக் கிடைப்பது 5 நிமிடம். அந்த ஐந்தில் உங்கள் கல்லூரியைப் பற்றியும் உங்கள் துறையைப் பற்றியும் பேசாதீர்கள். பிரச்சினையைச் சொல்லுங்கள், விதியைச் சொல்லுங்கள், ஒரே ஒரு கைத்திறனைக் காட்டுங்கள்: மடிப்பை நகத்தால் அழுத்திக் கூர்மையாக்குவது எப்படி என்று. துறையைப் பற்றிக் கடைசியில் அவர்களே கேட்பார்கள்.

எதைச் சொல்லித்தருவது, எதை விட்டுவிடுவது என்பதில் கல்வித்துறையில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006-ல் எழுதிய கட்டுரை, புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் தானே கண்டுபிடி என்று விட்டால் பெரும்பாலும் திணறுவார் என்று வாதிட்டது. செய்முறைக் கல்வியை விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வகுப்பறையில் நான் பார்த்தவரை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. மடிக்கத் தெரியாத கைக்கு, சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று தெரியாத மனதுக்கு, சுதந்திரம் மட்டும் கொடுத்தால் போதாது. நான் என் மாணவர்களிடம் சொல்வது: கைத்திறனைச் சொல்லிக்கொடு, சோதிக்கும் முறையைச் சொல்லிக்கொடு, விடையை மட்டும் சொல்லாதே.

விடையைச் சொல்லாமல் இருப்பது, அதுவும் உங்கள் வயதில், ரொம்பக் கஷ்டம். பிள்ளை திணறுவதைப் பார்த்ததும் கை தானாக நீளும், அதன் கையிலிருந்து தாளை வாங்கி நீங்களே மடித்துக் கொடுத்துவிடுவீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இதை உங்கள் குழுவில் ஒரு விதியாகவே வையுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லும் பிள்ளைகளும் கூடினார்கள். மூன்று விநாடி என்பது நின்று பார்த்தால் நீளமாகத்தான் இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

போட்டி வைக்காதீர்கள். எந்தக் குழுவின் பாலம் அதிக நாணயம் தாங்கியது என்று பலகையில் எழுதினால், தோற்ற குழு தன் பாலத்தைக் கசக்கிப் போட்டுவிடும். நமக்கு வேண்டியதே அந்தத் தோற்ற பாலம்தான். ஒவ்வொரு குழுவும் முதல் முறை எத்தனை, இரண்டாவது முறை எத்தனை, நடுவில் என்ன மாற்றினோம் என்ற மூன்றை மட்டும் எழுதட்டும். நாலு நாணயத்திலிருந்து பதினெட்டுக்குப் போன குழுவுக்கு, முப்பதில் ஆரம்பித்து முப்பத்திரண்டில் நின்ற குழுவைவிடச் சொல்வதற்கு நிறைய இருக்கும். இரண்டாவது முறை குறைந்துபோன குழுவையும் பேச வையுங்கள். அவர்கள் மாற்றியது ஏன் உதவவில்லை என்பது வகுப்புக்கே நல்ல பாடம்.

குழுவில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேர் செய்வார்கள், மூன்று பேர் பார்ப்பார்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன்: ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்த குழுவில் டேப்பும் கத்தரியும் ஒரு பையனிடம் போய்விடும், நோட்டு ஒரு பெண்ணிடம் வந்துவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அப்படியே அமைந்துவிடுகிறது. அதனால் முதல் முறை எழுதியவர் இரண்டாவது முறை கட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, ரோபோ கிட்டுக்கு வருகிறேன். நான்கு வாரத்துக்கு, நாற்பது பேருக்கு, வேண்டாம். கிட் கெட்டது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் பிபிசி 2016-ல் மைக்ரோபிட் என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகையைப் பத்து லட்சம் அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அங்கே பலகை பிள்ளையிடமே இருந்தது. உங்கள் நிலைமை வேறு. எட்டு ரோபோ, நாற்பது பேர் என்றால் ஒரு ரோபோவுக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் லேப்டாப் முன்னால், நான்கு பேர் பின்னால். ஒரே அறையில் எட்டு கருவிகளை ப்ளூடூத்தில் இணைக்கும்போது எது எதோடு இணைந்தது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகும். கடைசி வாரம் கிட் உங்களோடு திரும்பி வந்துவிடும், வீட்டில் மறுபடி செய்துபார்க்கப் பிள்ளையிடம் ஒன்றும் இருக்காது. தாளும் டேப்பும் அப்படியில்லை.

மின்சாரம் வேண்டுமென்றால் எல்இடியில் ஆரம்பியுங்கள். 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று. நீளமான கால் நேர்முனையில் பட வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு எரியாது. அப்புறம் அதே பேட்டரியில் ஒரு நீல எல்இடியையும் பக்க இணைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நீலம் எரியாது, எரிந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். சிவப்பை எடுத்தால் நீலம் எரியும்! வகுப்பே கூச்சலிடும் இடம் இது. சிவப்பு எரிய சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு ஏறக்குறைய 3 வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும்போது சிவப்பு மின்னழுத்தத்தைத் தன் அளவுக்கு இழுத்துப் பிடித்துவிடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள்.

செம்புக் கம்பி மோட்டாரும் நல்ல பாடம், மூன்றாவது வாரத்துக்கு வையுங்கள். எனாமல் (மின்சாரம் கடத்தாத பூச்சு) பூசிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, ஒரு முனையை முழுதாகவும் மறு முனையைப் பாதிச் சுற்றளவுக்கு மட்டும் சுரண்டி, பேட்டரியோடு இணைத்த இரண்டு தாங்கிகளில் காந்தத்துக்கு மேலே சுழலும்படி வைக்க வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டிய பிள்ளையின் சுருள் சுழலாது, முன்னும் பின்னும் ஆடும். பாதிச் சுற்றில் காந்தம் தள்ளிய திசைக்கு எதிராகவே அடுத்த பாதியில் தள்ளுவதால் அப்படி. பாதி எனாமலை விட்டால் அந்த நேரத்தில் மின்சாரம் நின்று, வந்த வேகத்திலேயே சுருள் திரும்பிவிடும். ஆடும் சுருளையும் சுழலும் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முனைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சுரண்டுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் பாதிக் கம்பிகளை முன்கூட்டியே சுரண்டி எடுத்துப் போவது நல்லது.

இனி, இதெல்லாம் உதவுகிறது என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? உறுதியாகச் சொல்லக்கூடியது: கேட்டுக்கொண்டிருப்பதைவிடச் செய்து கற்பது நன்றாகப் பதிகிறது. 2014-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர்கள் தாமே ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம். ஆனால் அது கல்லூரி மாணவர்களைப் பற்றியது, 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றியதில்லை. திசை அதுவேதான் என்று நம்புகிறேன், அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். அதனால் கடைசியில் "பிடித்திருந்ததா?" என்று படிவம் கொடுத்து அதை வெற்றியின் அளவாக வைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு புதிய பாலத்தின் படத்தைக் காட்டி "இது எங்கே முதலில் தோற்கும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் தெரியும்.

சந்தேகத்துக்குரியது: ஒரு சில வாரப் பாடத்தால் பிள்ளைகள் பின்னாளில் பொறியியல் எடுப்பார்கள் என்ற நம்பிக்கை. அதை யாரிடமும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். இடையில் பத்து வருடமும் ஆயிரம் காரணங்களும் இருக்கின்றன. விஞ்ஞானி, பொறியாளர் என்றதும் பிள்ளைகளின் மனதில் வரும் உருவம் மாறுமா என்று கேட்டால், மெதுவாக மாறும். சேம்பர்ஸ் என்பவர் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னதில் 28 பேர்தான் பெண் விஞ்ஞானியை வரைந்தார்கள். 28 பேருமே சிறுமிகள். 2018-ல் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற்காலப் படங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள் இருந்தார்கள். யார் கண்முன் நிற்கிறார்கள் என்பதற்கு இதில் பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த மாற்றத்தை வகுப்பறை வருகைகளின் கணக்கில் எழுத ஆதாரம் இல்லை. பொறியாளரை வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் எதையோ பழுதுபார்ப்பவரையும் கட்டுபவரையும் வரைகிறார்கள். நீங்கள் முதல் நாள் போனதும் இதைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் செய்முறையை நடத்துவது அவர்களாக இருக்கட்டும். வருகைப்பதிவு எடுக்க மட்டும் நிற்க வைக்காதீர்கள்.

வகுப்பு ஆசிரியரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999-ல் தொடங்கி பத்து வருடத்துக்கும் மேல் ஆய்வு மாணவர்களைப் பள்ளி வகுப்புகளுக்கு அனுப்பியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் வாரந்தோறும் அதே வகுப்புக்குப் போய் ஆசிரியரோடு சேர்ந்து பாடம் எடுக்கும் ஏற்பாடு உண்டு. இரண்டிலும் ஆசிரியர் கூட நின்றார் என்பதுதான் முக்கியம். எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளையோடு உட்கார வைக்கக் கூடாது, யாருக்குக் கண்பார்வை குறைவு, யார் வாய் திறந்தால் அதிசயம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் வாரத்துக்கு முன்பே ஒரு நாள் போய், அவர் பாடம் எடுப்பதைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். அந்த மாதம் என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டு, அதோடு சேரும்படி உங்கள் செய்முறையை அமையுங்கள். அவரில்லாமல் வகுப்பில் தனியாக நிற்காதீர்கள். அனுமதியில்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், போன் எண் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் கேட்பார்கள். 2011-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆராய்ச்சி மட்டும் செய்த முதுநிலை மாணவர்களைவிட, ஆராய்ச்சியோடு பாடமும் எடுத்தவர்கள் சோதிக்கத்தக்க கருதுகோள் அமைப்பதிலும் பரிசோதனையைத் திட்டமிடுவதிலும் அதிகம் முன்னேறியிருந்தார்கள். இளநிலைக்கும் அது பொருந்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நான் பார்த்தது இது: பள்ளிக்குப் போய்வந்த மாணவர்கள் ஆய்வகத்தில் ஒன்று வேலை செய்யாதபோது "எங்கே முதலில் அசைந்தது?" என்று தாங்களே கேட்டுக்கொள்ள ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் நான்கு வாரத்துக்கு நான் போடும் வரிசை இது. முதல் வாரம் பாலம், இரண்டாவது வாரம் எல்இடி, மூன்றாவது வாரம் மோட்டார். ஆறு பேரில் இருவர் நடத்துங்கள், மூவர் குழுக்களுக்கு நடுவே நில்லுங்கள், ஒருவர் ஒன்றும் செய்யாமல் கவனித்து எழுதட்டும். வாரம் வாரம் அந்த ஆள் மாறட்டும். நான்காவது வாரத்துக்குப் பொருள் எதுவும் திட்டமிடாதீர்கள். மூன்றாவது வாரக் கடைசியில் "இந்தப் பள்ளியில் உங்களுக்குத் தொல்லையாக இருக்கும் ஒரு பொருள் எது?" என்று கேட்டு, ஒவ்வொரு குழுவும் ஒன்றைச் சொல்லட்டும். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு, ஆடும் பெஞ்ச், பையிலிருந்து விழும் தண்ணீர் பாட்டில் என்று வரும். நான்காவது வாரம் அட்டை, கயிறு, டேப், ரப்பர் பேண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். பாதிக்கு மேல் முடியாமல் நிற்கும். முடியாத வேலைகளையும் மிச்சப் பொருளையும் குழுக்களின் குறிப்பு நோட்டுகளையும் ஆசிரியரிடமே விட்டுவிட்டு வாருங்கள். எந்தக் குழு எதில் நிற்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், அடுத்த வாரம் அவர் அங்கிருந்து தொடரலாம்.